தானாகக் கிளம்பிய இன்ஜின்

நைனா,

புத்தூர் ரயில்வே கேட்டில் இன்று நான் ஏறிவந்த டாக்ஸி நின்றதும் இன்ஜின் தானாக அணைந்தது. பேட்டரியில் விசிறி மட்டும் ஓடியது. டீசல் மிச்சம் என்று டிரைவர் பெருமையாகச் சொன்னார். மறுபடி இன்ஜின் உறுமும்வரை நான் இரண்டு கைகளையும் மடியில் இறுக்கி வைத்திருந்தேன்.

நான் பள்ளியில் படித்தபோது ஒரு நாள், நீ மெக்கானிக்காக இருந்த வடமாலபேட்டை ஷெட்டுக்கு உனக்குச் சோறு கொண்டுவந்திருந்தேன். டீசலிலும் கரண்ட்டிலும் ஓடுகிற கார் அந்த ரோட்டுக்கே புதிது. இன்ஜின் பெல்ட் கிறீச்சிடுகிறதென்று, அப்படி ஒரு காரில் திருமலைக்குப் போகிற குடும்பம் ஒன்று வந்து நின்றது. பானெட்டைத் திறந்தாய். சத்தமே இல்லை.

"சார், ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"ஆஃப்தான்யா. சத்தம் எதாவது கேக்குதா? சீக்கிரம் பாரு, தரிசனத்துக்கு லேட் ஆவுது."

வண்டிக்காரர் சாவியைத் திருப்பி அணைக்கவே இல்லை; வண்டி நின்றதும் இன்ஜின் தானாக அணைந்திருந்தது. ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். வெயிலில் உள்ளே சூடு ஏறியதும் இன்ஜின் தானாகக் கிளம்பிவிட்டது. உன் வலக்கை பெல்ட்டின் மேல் இருந்தது.

உன் அலறல் கேட்டு இறங்கிவந்தவர், முதலில் பம்பரைத்தான் பார்த்தார். "சாமிக்குப் போற வண்டி. ரத்தத்தோட போவ முடியுமா?" என்றார். உன்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே ஷெட் முதலாளி வாளியை என் கையில் கொடுத்தார். கழுவினேன்.

கட்டுப் பிரிக்கும் முன்பே ஆஸ்பத்திரிக்கு வந்தார் முதலாளி. "ஸ்பேனர் புடிக்க முடியாதவன வச்சிக்கினு நான் என்ன பண்றது?" என்றார். அதற்குப் பிறகு நீ நகரித் தறிக்கூடம் ஒன்றில் வாட்ச்மேன். இடக்கையால் உண்பதை யாரும் பார்க்கக் கூடாதென்று சுவர் பக்கம் திரும்பி உட்காருவாய்.

பாலிடெக்னிக் முடித்து, வரதய்யபாளையம் பக்கத்துக் கார் கம்பெனியில் நான் சேர்ந்தபோது, "என் விரலத் துன்ன வண்டிக்கா வேல செய்யப் போற?" என்றாய். என் சம்பளத்தில் வாங்கிய சட்டையை நீ தொடவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து சொன்னேன்.

"பானெட்டத் தொறந்தா இன்ஜின் கிளம்பாம தடுக்க ஒரு சுவிட்ச் இருக்குது நைனா. அதத்தான் நான் டெஸ்ட் பண்றேன்."

"அந்த வண்டில அது இல்லியா?"

"இருந்திருக்கும். திருட்டு அலாரமும் அந்த சுவிட்சுலதான். அது சும்மா சும்மா அடிக்குதுன்னு யாரோ ஒயர கட் பண்ணியிருப்பாங்க."

வலக்கையைத் திருப்பிப் பார்த்தாய். பிறகு சிரித்தாய்.

"அப்போ நீ டெஸ்ட் பண்ணி அனுப்பறதையும் எவனாவது கட் பண்ணுவான்."

விபத்துக்குப் பிறகு நீ சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த மழைக்காலத்திலேயே மாரடைப்பில் போய்விட்டாய்.

இன்னும் அதே வேலைதான் செய்கிறேன். பானெட்டைத் தூக்கி நிறுத்துகிறேன். இன்ஜின் கிளம்பவில்லை என்று பார்த்துக்கொண்டு மூடுகிறேன். ஒவ்வொரு வண்டியும் கம்பெனி வாசலைத் தாண்டிப் போகும்போது நீ சிரிக்கிறாய், நைனா.