கயிறு பேசும் வரை

ஹான்காக், மிச்சிகன்
ஜனவரி 22

அன்பு மகள் ஐனோவுக்கு,

முதலில் என் மானம் போன கதை. நேற்று காபிக் கடைக்குள் காலை வைத்ததுமே ரெய்னோ ஆரம்பித்துவிட்டான். "என்ன ஆர்விட், ஏரியில பெரிய மீனா இழுத்துப் போட்டியாமே? இன்னும் கல்யாணம் ஆகாத மீனாம்ல?" கடை முழுக்கச் சிரிப்பு. "மீன் கோபமா இருக்கு, பேச மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுக் காபியை நெஞ்சு சுட விழுங்கினேன்.

பொய்யில்லையே. ஏரியில் விழுந்தவர்களைத் தேடும் உங்கள் மீட்புக் குழுவில் ஆள் குறைவு என்று நீதான், பயிற்சியில் உன்னைக் கட்டிய கயிற்றைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டாய். உறைந்த ஏரியின் பனிக்கட்டியில் வெட்டிய துளைக்குள் நீ இறங்கிய கொஞ்ச நேரத்தில் தண்ணீர் உலை மாதிரி கொதித்தது. உன் மூச்சுக் கருவி உறைந்து காற்றைக் கொட்டுகிறது என்று நான் கண்டேனா? மூழ்குகிறாய் என்று நினைத்து, உன் சைகை வரும் முன்பே இழுத்தேன். இழுத்த வேகத்தில் என் காலும் துளைக்குள் போனது. பூட்ஸ் இன்னும் அடுப்பருகில் காய்கிறது.

போனில் 'ம்' மட்டும் போடுகிறாய். கடிதத்தில் அது முடியாது, அதனால் எழுதுகிறேன். உன் முக்குளிப்புத் தேர்வில் கயிறு பிடிக்க வேறு ஆள் பார்க்கிறார்களாமே?

உன் அப்பா
ஆர்விட்


இஷ்பெமிங்
ஜனவரி 27

அன்புள்ள அப்பாவுக்கு,

கோபம்தான். காற்று கொட்டினால் சமாளிக்கலாம். கருவியை இறுகக் கடிக்காமல் உதட்டோரம் வைத்து, வேண்டிய காற்றை மட்டும் உறிஞ்ச வேண்டும், குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடிப்பது போல. நானும் அப்படித்தான் செய்தேன். கூட வந்த கர்டிஸ் தன் உதிரிக் கருவியை நீட்டினான். அதை வாயில் வைத்தேன். அவன் என் சிலிண்டரை மூடக் கை நீட்டும்போது நீங்கள் இழுத்தீர்கள். வாயில் இருந்தது பிடுங்கிக்கொண்டு போனது. தண்ணீர் குடித்தேன் அப்பா, தலைக்கு மேலே பனிக்கட்டி இருக்கும்போது.

இன்னொன்று. இறங்கும் முன், "ஒரு தடவை ஊதிக் காட்டு கண்ணு, வேலை செய்யுதான்னு பாத்துக்கறேன்" என்றீர்கள். அந்தக் குளிரில் வெளியே ஊதக் கூடாது, மூச்சின் ஈரம் உள்ளே உறைந்துவிடும். தெரிந்தும் உங்கள் முகத்துக்காக ஊதினேன். அது என் தப்பு.

எங்கள் குழுவின் கேப்டன் மார்ஜி சொல்கிறார்: "உங்கப்பா நல்லவருதான். அவரு கயித்தைப் பிடிச்சா மட்டும் நீ தண்ணிக்குள்ள போகாதே." எனக்கோ நீங்கள்தான் பிடிக்க வேண்டும். தேர்வில் வேண்டுமென்றே காற்றைக் கொட்டவிடுவார்கள். துளை கொதிக்கும். 'மேலே தூக்கு' என்ற சைகையாக நான் கயிற்றை நான்கு முறை இழுக்கும்வரை நீங்கள் இழுக்கக் கூடாது. இழுத்தால் நான் தோற்பேன், அதோடு உங்களை ஏரிப் பக்கமே சேர்க்க மாட்டேன். முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஐனோ


ஹான்காக்
ஜனவரி 30

மகளே,

முடியும். ரெய்னோவின் நாயைக் கயிற்றில் கட்டிப் பழகுகிறேன். அது எதைத் துரத்தினாலும் நான் இழுப்பதில்லை. நாய்க்கு என்னைப் பிடித்துவிட்டது. ரெய்னோவின் பூனைக்குத்தான் பிடிக்கவில்லை. ஊதச் சொல்லவும் மாட்டேன்.

அப்பா


ஹான்காக்
பிப்ரவரி 6

தேர்வில் ஜெயித்த என் ஐனோவுக்கு,

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். துளை கொதித்தபோது மார்ஜி தண்ணீரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "ஆர்விட், கீழ இருக்கறவ மூச்சு விடறா. நீங்களும் விடுங்க" என்றார். கொதிப்பு அடங்கியது. அதன் பிறகும் கயிறு என் கையில் அசையாமல் கிடந்தது. ரொம்ப நேரம் கிடந்தது.

அப்புறம் நான்கு இழுப்பு வந்தது. மேலே வந்து முகமூடியைக் கழற்றியதும், "பயந்துட்டீங்களாப்பா?" என்று கேட்டாய். "கை மரத்துப்போச்சு, வேறென்ன" என்றேன். "இனிமே எப்பவும் நீங்கதான் பிடிக்கணும்" என்றாய். தலையாட்டினேன். கூப்பிடும்போதெல்லாம் வருவேன்.

எல்லோர் முன்னாலும் வாயில் வராததை இங்கே எழுதிவிடுகிறேன். கை மரத்துப்போகவில்லை. கயிறு அசையாமல் கிடந்தபோது, நீ போய்விட்டாய் என்றே முடிவுகட்டிவிட்டேன். அதற்குப் பிறகும் நான் இழுக்கவில்லை.

அப்பா