விழுங்கிய மாத்திரை எங்கே போயிற்று?

மாமாவுக்கு,

இனிமேல் வீடியோ காலில் பாப்பாவை வாயைத் திறந்து நாக்கைக் காட்டச் சொல்லாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையை அவள் ஒழுங்காகத்தான் விழுங்கியிருக்கிறாள். நான் குப்பையில் கொட்டவில்லை.

சேலத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. உடம்பில் இரும்பு மிஞ்சாமல் இருக்கக் கல்லீரல் ஒரு புரதத்தைச் சுரந்து குடலின் கதவை அடைக்குமாம். ‘இரும்பு குறைகிறது, சுரந்தது போதும்’ என்று கல்லீரலுக்குச் சொல்ல வேண்டிய இன்னொரு புரதம் பாப்பாவுக்குப் பிறவியிலேயே பழுது. அதனால் கதவு அடைத்தே கிடக்கிறது. நான் ஊட்டிய களியும் கீரையும் என்ன செய்யும்?

“மாத்திர குடுக்கத் துப்பில்ல, நீயெல்லாம் ஒரு அம்மாவா?” என்று பெங்களூரிலிருந்து கத்தினீர்களே, அது பக்கத்து வீடு வரை கேட்டது.

“அப்பா, அம்மா ரெண்டு பேருகிட்ட இருந்தும் வந்தாத்தான் இந்தக் கோளாறு. சொந்தத்துல கட்டினீங்களா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“எங்கம்மாவோட தம்பிங்க” என்றேன்.

படிக்க வேண்டும், கல்யாணம் வேண்டாம் என்று நான் அழுதபோது, “நம்ம ரத்தம் நம்மகிட்டயே இருக்கட்டும்” என்றது யார்? இருக்கிறது மாமா, பாப்பாவிடம் வெளுத்துப்போய் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு நரம்பில் இரும்பு ஏற்றுகிறார்கள். வந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

மனைவி என்று எழுதக் கை வரவில்லை.

உங்கள் அக்கா மகள்