அண்ணனை டிவியில் பார்த்த தீபாவளி

என் தங்க அம்மாவுக்கு,

உன் பதினாறும் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப் போய்விட்டார்கள். வீட்டில் இப்போது நானும் செண்பகம் மதினியும்தான். குற்றாலத்து மலையில் மேகம் இறங்கி, தென்காசித் தெருவெல்லாம் சாரல். நீ படுத்திருந்த கட்டிலை மதினி இன்னும் எடுக்கவில்லை. எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "கெடக்கட்டும்" என்றாள்.

சுடுகாட்டில் நடந்ததை என் மகன் வந்து சொன்னான். சடங்கு செய்ய வந்தவர் வெளியூர்க்காரராம். "கொள்ளி வைக்க மகன் எங்க?" என்று கேட்டிருக்கிறார். மகன் செத்துப்போனான் என்று சொல்ல அங்கே யாருக்கும் மனசு வரவில்லை, இருக்கிறான் என்று சொல்லவும் வரவில்லை. கடைசியில் பேரன் அவன்தான் வைத்தான்.

நேற்று மதினி என்னிடம் ஒன்று சொன்னாள் அம்மா. அதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீ இருக்கும்போதே அவள் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமா, இல்லை நீ அன்றே ஒடிந்து போயிருப்பாயா? எனக்குத் தெரியவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷத்துத் தீபாவளியைத்தான் சொல்கிறேன். அந்த வருஷம் தையில் கல்யாணம் முடித்து, மாசியிலேயே சங்கரன் அண்ணன் கொழும்புக்குத் திரும்பிப் போனான். அங்கே நம் பக்கத்து முதலாளி ஒருவரின் பலசரக்குக் கடையில் அவனுக்கு வேலை. மதினிக்கு அப்போது பத்தொன்பது வயது. கொஞ்ச நாளில் வந்து கூட்டிப்போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனான். ஆடியில் கொழும்பில் கலவரம் வந்தது. தமிழர் கடைகளை எரிக்கிறார்கள் என்று ரேடியோவில் கேட்ட நாளிலிருந்து நீ அடுப்புப் பக்கமே போகவில்லை. மதினிதான் பொங்கி வைத்தாள்.

முதலாளி கப்பலில் தப்பி வந்தார். நம் வீட்டுக்குள் வராமல் வாசலில் நின்றபடியே சொன்னார். "கடைக்குத் தீ வச்சதும் பின்வாசல் வழியா ஓடுனோம்மா. சங்கரன் எம் பொறத்தாலதான் வந்துக்கிட்டு இருந்தான். சந்து திரும்புனதும் பாத்தேன், ஆள் இல்ல." அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. உன் தம்பி, பாவூர்சத்திரத்து மாமா, ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்குமாக அலைந்து, கரையிறங்கியவர்களிடமெல்லாம் அண்ணன் போட்டோவைக் காட்டிவிட்டு வெறுங்கையோடு வந்தார். அப்பா இருந்திருந்தால் அவர் போயிருப்பார். மாமாவையும் குறை சொல்ல முடியாது.

ஐப்பசி பிறந்ததும் மாமா வந்து உட்கார்ந்தார். "இப்படியே எத்தன நாளைக்குக்கா இருக்க முடியும்? தீபாவளிக்கு மறுநா அமாவாச. குத்தாலத்துல வச்சு அவனுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சிருவோம். போன உசுராவது தவிக்காம இருக்கட்டும்" என்றார். நீ சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மதினியை யாரும் கேட்கவே இல்லை. அமாவாசையன்று அருவிக்கரையில் அவள் தாலியைக் கழற்றப்போகிறார்கள் என்பது தெருவுக்கே தெரியும். அவளுக்கும் தெரியும். தீபாவளியன்று விடிகாலையில் அவள் எழுந்து எப்போதும்போல வாசல் தெளித்தாள். கோலப்பொடியை எடுத்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, திரும்ப வைத்துவிட்டாள்.

அந்தத் தீபாவளிக்குத்தான் எதிர்வீட்டு மில் அண்ணாச்சி டிவி வாங்கினார். நம் தெருவுக்கே முதல் டிவி. மரக்கதவு போட்ட பெட்டி. மாடியில் தெருவே அண்ணாந்து பார்க்கிற உயரத்துக்கு இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனா. அந்தக் காலத்தில் நம் ஊருக்கு மெட்ராஸ் எட்டாது. திருவனந்தபுரத்தை மலை மறைத்தது. கிழக்கே வெட்டவெளி என்பதால் இலங்கை மட்டும் எடுக்கும். நம் அண்ணனை விழுங்கிய ஊரின் படத்தைப் பார்க்கத்தான் தெருவே புதுத்துணி உடுத்தி, முந்திரிக்கொத்தும் முறுக்கும் கையுமாக அந்த வீட்டில் கூடியது. அவர்கள் மேல் என்ன தப்பு? வேறு எதுவும் எடுக்காதே.

மத்தியானத்திலிருந்தே மாடியில் சத்தம். "தெரியுதாலே?" என்று மேலேயிருந்து கேட்பார்கள். "மழை பெய்யுத மாதிரிதான் தெரியுது. இன்னும் செத்த கெழக்க திருப்பு" என்று கீழேயிருந்து பதில் போகும். நம் வீட்டில் அன்று எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். மதினி உன் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் அண்ணாச்சியே நம் வீட்டுக்கு வந்தார். "தங்கச்சி, தப்பா நெனைக்காத. செய்தியில கொழும்பக் காட்டுதான். ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்" என்றார். ஆடி மாசத்திலிருந்து யார் கூப்பிட்டாலும் அசையாத நீ எழுந்து, முந்தானையைச் சரி செய்துகொண்டு நடந்தாய். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் வந்தோம். அந்த வீட்டில் அத்தனை பேரும் விலகி, டிவிக்கு நேரே உனக்கு இடம் விட்டார்கள்.

சோப்பு விளம்பரம் வந்தது, பால்மாவு விளம்பரம் வந்தது. பிறகு புரியாத பாஷையில் ஒருவர் செய்தி வாசித்தார். யாரோ மந்திரி போல ஒருவர் காரிலிருந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒரு கடைத்தெரு, வரிசையாக ஆட்கள். படமெல்லாம் புள்ளி புள்ளியாக, ஆடிக்கொண்டே இருந்தது.

"அந்தா நிக்கான் பாரு" என்றாய். நீ சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அண்ணன் தெருமுனையில் வரும்போது சொல்வாயே, அதே குரல். "வெள்ளச் சட்ட. கழுத்தச் சாச்சிக்கிட்டு நிக்கான் பாரு. சங்கரன்."

அதற்குள் படம் மாறிவிட்டது.

நான் பார்த்தது ஒரு முதுகு அம்மா. வெள்ளைச் சட்டைதான். அண்ணன் நிற்பதுபோலத்தான் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அதற்கு மேல் இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

நீ அண்ணாச்சி பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினாய். "அண்ணாச்சி, இன்னொரு மட்டம் போடச் சொல்லுங்க. மொகத்தத் திருப்புததுக்குள்ள போயிட்டு."

எத்தனையோ பேருக்கு வேலை கொடுத்த மனுஷன், எந்த ஆபீசிலும் காரியம் முடித்துவிட்டு வருகிறவர், உன் முன்னால் நின்று கையைப் பிசைந்தார். "இது நம்ம கையில இல்லியேம்மா. அவன் அங்கன இருந்து விடுதான். போனா போனதுதான்" என்றார். நீ கூப்பிய கையை இறக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் அவரே பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிக்கு ஏறினார். ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரிந்தும் அந்தக் குழாயைப் பிடித்து அங்கும் இங்கும் திருப்பிக்கொண்டே இருந்தார். கீழே பெட்டியில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள்.

இப்போதெல்லாம் அப்படி இல்லை அம்மா. என் பேத்தி ஒரு விரலால் படத்தை நிறுத்துகிறாள், வேண்டிய இடத்துக்குத் திரும்பக் கொண்டுவருகிறாள். அவள் அதைச் செய்யும்போது நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். ஏன் என்று அவளுக்குத் தெரியாது.

மாமா பின்வரிசையில் நின்றிருந்தார். "அக்கா, நீ நெனப்புலயே இருக்க. அதான் அப்படித் தெரியுது. வா, வீட்டுக்குப் போவோம்" என்று உன் தோளைத் தொட்டார். அவர் கையைத் தட்டிவிட்டு நீ மதினியைப் பார்த்தாய். "ஏட்டி செண்பகம், நீ பாத்தேல்லா? உம் புருசன நீ பாத்தேல்லா?"

அத்தனை கண்ணும் அவள் மேல். டிவியை யாரும் பார்க்கவில்லை. அவள் தலையைக் குனிந்து, "ஆமா அத்தை. பாத்தேன்" என்றாள்.

அவ்வளவுதான். மறுநாள் யாரும் குற்றாலத்துக்குப் போகவில்லை. மாமா காலை முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். நீ குளித்து, சாமி விளக்கு ஏற்றி, உளுந்தம்பருப்புச் சோறு பொங்கினாய். அவனுக்குப் பிடித்த சோறு.

பிறகு எத்தனை சாயங்காலம் அந்த வீட்டில் போய் உட்கார்ந்தாய். முதலில் காபி கொடுத்தார்கள், பிறகு சிரித்தார்கள், அப்புறம் பேசாமல் கதவை மட்டும் திறந்துவிட்டார்கள். சில வருஷம் கழித்துக் கொடைக்கானல் மலையில் டிவி கோபுரம் வந்ததும் அண்ணாச்சி ஆன்டெனாவை வடக்கே திருப்பினார். நம் நாட்டுப் படம் கண்ணாடி மாதிரி தெரிகிறது என்று தெருவே கொண்டாடியது. நீ வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டாய். உனக்காக ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பி வைக்கச் சொல்லி நான் யாரிடம் போய்க் கேட்க?

அதற்கு நடுவில் ராயகிரியிலிருந்து மதினியின் அப்பா ஒருநாள் வந்தார். நினைவிருக்கிறதா? அவளுக்கு ஒரு வரன், தாரமிழந்தவர், நல்ல குணம் என்று மெதுவாகச் சொன்னார். "புருசன் உசுரோட இருக்கவள வேறொருத்தனுக்கு எப்படிக் குடுப்பிய?" என்று கேட்டாய். அவர் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். அவர் மத்தியானச் சாப்பாடுகூடச் சாப்பிடாமல் எழுந்து போனார். நான் அடுக்களை வாசலில் நின்றிருந்தேன். அன்று மதினி ஏன் ஒன்றும் பேசவில்லை என்று பல காலம் யோசித்திருக்கிறேன்.

நேற்றுத்தான் தெரிந்தது. சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கோமதி, நான் அன்னைக்கிப் படத்தையே பாக்கல" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. எந்தப் படம் என்று கேட்டேன்.

"மில் வீட்டுல. அத்தை மொகத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஆடியிலயிருந்து செத்த மொகம் மாதிரி கெடந்துது. அன்னைக்கித்தான் அதுல உசுரு வந்துது. அந்த நேரத்துல பாத்தியான்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? இல்லன்னு சொன்னா விடிஞ்சதும் தாலிய எடுத்துருவாவ. அத்தைக்காகச் சொன்னேனா எனக்காகச் சொன்னேனான்னு இன்னும் எனக்கே வெளங்கல."

"உங்க அப்பா வந்தன்னைக்காவது சொல்லியிருக்கலாமே மதினி."

"எப்படிச் சொல்ல? அத்தை அந்த ஒரு சொல்லப் பிடிச்சிக்கிட்டுத்தான சோறு திங்காவ."

உனக்குத் தெரியுமா அம்மா? கடைசி மாசத்தில் ஒருநாள் அவள் உனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, அவள் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாயே. தெரிந்துதான் அழுதாயா? யாரிடம் கேட்பேன் இதை? உன்னோடு நான் சண்டை போடவும் முடியவில்லை. நீ பொய் சொல்லவில்லை. நீ பார்த்தாய். பெற்றவள் பார்த்தேன் என்றால் இல்லை என்று சொல்ல நான் யார்? அவளும் உன்னை ஏமாற்ற நினைத்துச் சொல்லவில்லை. யார் மேலும் பழி போட முடியாமல் ஒரு முழு ஆயுசு போய்விட்டதே அம்மா.

என் கையில் இருப்பதையாவது செய்வோம் என்று, என்னோடு கோயம்புத்தூருக்கு வந்துவிடச் சொன்னேன். வருகிற அமாவாசையில் குற்றாலத்தில் அண்ணனுக்கும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விடலாம், இனி யாருக்காக இங்கே இருக்க வேண்டும் என்றேன். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"வீட்டப் பூட்டிட்டு எப்படி வர? அவிய வந்தா?"

"நீங்களே பாக்கலன்னு சொல்லுதீங்களே மதினி."

"நான் பாக்கலன்னுதான் சொன்னேன். அவிய அதுல இல்லன்னு சொல்லலியே" என்றாள்.

அவள் எழுந்துபோய் இரவுக்கு அரிசி களைந்தாள்.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த வீட்டை நான் பூட்ட மாட்டேன். பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு ஆவணிக்குள் நானே இங்கே வந்துவிடுகிறேன். மதினி இருக்கும்வரை அண்ணனுக்குக் காரியம் என்ற பேச்சை இந்த வாசலில் யாரும் எடுக்க விடமாட்டேன். என்றைக்காவது அவளே செய்வோம் என்றால், அவள் கையைப் பிடித்துக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவேன். அதுவரை அவள் ஒருத்தியாகக் காத்திருக்க வேண்டாம், நானும் கூட இருக்கிறேன்.

உன் மகளும்
செண்பகத்தின் நாத்தனாருமான
கோமதி