உச்சந்தலையில் ரெண்டு சுழி

மல்லசமுத்திரம்

அன்பு மகன் யோகேஷுக்கு அப்பா எழுதுவது. குலசாமி புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம், சிங்கப்பூரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போனில் பேசலாம் என்றால் உன் அம்மா பக்கத்தை விட்டு நகர்வதில்லை, இதை அவள் எதிரில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அதனால்தான் அங்கிருந்து ஊருக்கு வந்திருக்கும் உன் சிநேகிதன் சந்தோஷ்குமாரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் உன் தலை. முடி நடுவதற்காக, கொட்டுவதற்கு முன்னால் உச்சியில் சுழி எப்படி இருந்தது என்று டாக்டர் கேட்டதாகச் சொன்னாயே, ஒரே சுழி என்று உன் அம்மா சொன்னது பச்சைப் பொய். உனக்கு ரெண்டு சுழி. ரெண்டு சுழிக்காரனுக்கு ரெண்டு கல்யாணம் என்று ஊரில் சொல்வார்களே, அந்தப் பயம் அவளுக்கு. கொட்டினதோடு அதுவும் போகட்டும், டாக்டர் ஒன்றாகவே நட்டுவிடட்டும் என்று நினைத்துவிட்டாள். நீ சொன்னதைத்தான் சொல்கிறேன், இருக்கிற முடி ஒரு பக்கமும் நட்ட முடி ஒரு பக்கமும் திரும்பினால் எந்தச் சீப்புக்கும் அடங்காது, வைத்த முடி என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். உன் காதுகுத்தில் மொட்டை அடிக்கும் முன் தலையை நனைத்து உட்கார வைத்தபோது பின்னாலிருந்து எடுத்த போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன், ரெண்டும் தெளிவாகத் தெரியும், டாக்டரிடம் காட்டு. முன்நெற்றியையும் ரொம்பக் கீழே இறக்கச் சொல்லாதே. லாரி ஆபீஸில் இருக்கிறானே அறிவு, அவன் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நட்டுக்கொண்டு வந்துவிட்டு இப்போது தொப்பியோடு திரிகிறான். உன் வயசுக்கு ஏற்ற மாதிரி, அங்கங்கே முன்னே பின்னே இருக்கட்டும்.

இன்னொன்றும் செய்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. போன வாரம் முகூர்த்தப் புடவை எடுக்க ரெண்டு வீட்டாரும் செவ்வாய்ப்பேட்டைக்குப் போயிருந்தோம். நிச்சயம் முடிந்த பெண்ணிடம் ஒளிவுமறைவு எதற்கு என்று ஜெயப்பிரியாவிடம் அந்தப் போட்டோவைக் காட்டிவிட்டேன். உன் அம்மா முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பெண் உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ரெண்டு கல்யாணந்தானுங்க மாமா, ஒண்ணு இங்க கோயில்ல வெச்சுக்கலாம், ஒண்ணு சிங்கப்பூருல வெச்சுக்கலாம், ரெண்டுக்கும் பொண்ணு நானே இருந்துட்டுப் போறனுங்க என்றாள். உன் அம்மா அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைக்காரரிடம் இன்னொரு முகூர்த்தப் புடவை எடுத்துப் போடச் சொன்னாள்.

தைரியமாகப் போய் நட்டுக்கொள் சாமி, நல்லபடியாக முளைக்கும், நீயும் அவளும் நூறு வயசு வாழ்வீர்கள். டாக்டர் சொல்லும்வரை தலையில் எண்ணெய் வைக்காதே, உன் அம்மா சொன்னாலும் வைக்காதே. போட்டோவைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டு வா. கல்யாண ஆல்பத்தில் முதல் பக்கத்தில் அதைத்தான் ஒட்ட வேண்டுமாம், உன் அம்மா சொல்கிறாள்.

ஆசிகளுடன்,
அப்பா குழந்தைவேல்