முடிச்சுப் போடாத பட்டாம்பூச்சி

என்னைத் திட்டிக்கொண்டே சோறு போட்ட என் அத்தைக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். உங்களிடம் அதை எப்படிக் கேட்பது? அங்கேயும் யாரையாவது உருட்டி மிரட்டிக்கொண்டுதான் இருப்பீர்கள். பதினோரு வருஷம் உங்களுக்கு மருமகளாக இருந்தவளுக்கு இது தெரியாதா?

திண்டுக்கல்லில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து எழுதுகிறேன். இடது கையில் மருந்து ஏறுகிறது. வலது கை சும்மா கிடக்க மாட்டேன் என்கிறது, அதனால் அதற்கு ஒரு பேனாவைக் கொடுத்திருக்கிறேன்.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு எட்டாம் மாதம் நடக்கிறது அத்தை. நீங்கள் கண்ணை மூடின ஆறாம் மாதம் தங்கியது. உங்கள் போட்டோவுக்கு முன்னால் நின்று சொன்னேனே, காதில் விழுந்ததா?

கெட்ட சேதி, மறுபடியும் பிரஷர். போன தடவை மாதிரியே கால் வீங்கி, தலை விண்விண்ணென்று தெறித்து, முந்தாநாள் கொண்டுவந்து சேர்த்தார்கள். பிள்ளையின் நுரையீரல் பலப்படுவதற்காக நேற்று ஒரு ஊசி, இன்று ஒரு ஊசி. நாளைக் காலையில் வயிற்றைக் கீறி எடுத்துவிடுவதாக டாக்டரம்மா சொல்லிவிட்டார். எடை குறைவு, எடுத்ததும் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டியிருக்கும் என்றார். அப்புறம் நான் கேட்டதற்கெல்லாம் "பார்க்கலாம்மா" என்றுதான் பதில் வந்தது. அந்தப் "பார்க்கலாம்மா"வைத்தான் நேற்றிலிருந்து மென்றுகொண்டிருக்கிறேன்.

ஆனால் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. உங்களிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பிள்ளைக்கு ஒரு பொருள் செய்துவிட்டேன் அத்தை, பிறப்பதற்கு முன்னாலேயே.

தெரியும், வாயைத் திறந்துவிட்டீர்கள். செத்த நேரம் பொறுங்கள், எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் மாதமே டாக்டரம்மா படுத்துக் கிடக்கச் சொல்லிவிட்டார். உங்கள் மகன் விடியுமுன் நம் ஊர் அகரத்தில் பூ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கு வண்டியை எடுத்தால், வீடு திரும்பப் பதினோரு மணி ஆகிவிடும். அதுவரை நானும் சுவரில் இருக்கிற பல்லியும்தான். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அசைவை எண்ணிக்கொண்டே கிடப்பேன். கொஞ்ச நேரம் அசையாவிட்டால் எனக்கு உயிர் போய் உயிர் வரும். இப்படியே கிடந்தால் பைத்தியம்தான் பிடிக்கும் என்று தோன்றியபோது, கொடைரோட்டில் பள்ளிக்கூடத்துக் கைவேலை வகுப்பில் பழகிய குரோஷா பின்னல் ஞாபகம் வந்தது.

உங்கள் மகனிடம் கொக்கி ஊசியும் உல்லன் நூலும் வாங்கிவரச் சொன்னேன். மஞ்சளும் நீலமும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். மனுஷன் காபித்தூள் நிறத்தில் மூன்று உருண்டையோடு வந்து நிற்கிறார். ஏன் என்றால், அழுக்குத் தெரியாதாம். உங்கள் வளர்ப்பு, நான் என்ன சொல்ல? போனில் பார்த்துப் பட்டாம்பூச்சி என்று ஆரம்பித்தது, டியூப்லைட்டைச் சுற்றுகிற அந்துப்பூச்சியாகத்தான் உருவாகி வந்தது. மேலே இரண்டு பெரிய இறக்கை, கீழே இரண்டு சின்னது, நடுவில் பஞ்சு அடைக்கக் கட்டைவிரல் தடிமனில் ஒரு உடம்பு. வெள்ளை நூலில் இரண்டு கண் வைத்தேன். ஒரு கண் கொஞ்சம் மேலே ஏறிவிட்டதில் அது எப்போதும் என்னைப் பார்த்து முறைக்கிற மாதிரி இருந்தது. உங்களைச் சொல்லவில்லை.

ஷோகேஸில் வைக்கத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது இறக்கையைப் பின்னிக்கொண்டிருக்கும்போதே அது தொட்டிலுக்கு மேலே ஆடுவது கண்ணில் தெரிந்துவிட்டது. ஒரு பிஞ்சுக் கை அதைப் பிடிக்க எட்டுவதும் தெரிந்தது. மனசு போகிற போக்கை யாரால் கட்டிப்போட முடியும், சொல்லுங்கள்?

உங்கள் சட்டம் எனக்கு மறக்கவில்லை. பிள்ளை பிறந்து அழுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் ஒரு துணியோ ஒரு கிலுகிலுப்பையோ வீட்டுக்குள் வரக் கூடாது. போன தடவை ஐந்தாம் மாதம் பஜாரில் ஒரு மஞ்சள் சட்டையைப் பார்த்தேன். உள்ளங்கை இரண்டைச் சேர்த்த அகலம்தான் இருக்கும். வாங்கிவந்து பீரோவில் சேலைக்கு நடுவில் ஒளித்து வைத்தேன், நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். அன்றைக்கு வீட்டில் நடந்த ரகளை தெருவுக்கே கேட்டது. ஏழாம் மாதம் அவள் அசைவதை நிறுத்திவிட்டாள்.

பிரஷர்தான் காரணம், பிள்ளைக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை என்று அப்போதே டாக்டர் சொன்னார். உங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. குடிக்கப் பிள்ளை இல்லை, பால் மட்டும் வந்து நிற்கிறது. மார் இறுகிக் காய்ச்சல் அடித்தது. நீங்கள்தான் கதவைச் சாத்திவிட்டு, மார்க்கெட்டுக்குப் போக இருந்த மல்லிகையில் இரண்டு கை அள்ளிவந்து, என் மாரில் வைத்துத் துணியால் கட்டினீர்கள். பால் வற்றுகிற வரைக்கும் வேளாவேளைக்கு வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப்பூ வைத்தீர்கள்.

அதே வாரத்தில்தான், துக்கம் விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் வீடு நிறைய உட்கார்ந்திருக்கும்போது, அதே நீங்கள், "நான் அப்பவே சொன்னேன், சட்டை கிட்டை வாங்காதனு. கேட்டாளா இவ?" என்று சொன்னீர்கள்.

அந்த இரண்டு பேரில் எந்த ஆள் அத்தை நீங்கள்? அதற்குப் பிறகும் ஆறு வருஷம் ஒரே அடுப்பில் சமைத்து ஒன்றாகச் சாப்பிட்டோம். வெஞ்சனத்தில் உப்புக் கூடிப்போனதற்கெல்லாம் மல்லுக்கட்டினோம். இதை மட்டும் நான் கேட்கவே இல்லை, நீங்களும் அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. சட்டைக்கும் என் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை என்று என் புத்திக்குத் தெரியும். புத்திக்குத் தெரிந்தது வயிற்றுக்குத் தெரியவில்லை.

அதனால் இந்தத் தடவை உங்களை ஏமாற்ற ஒரு வழி கண்டுபிடித்தேன். குரோஷா பின்னலில் கடைசிக் கண்ணிக்குள் நூலை விட்டு, இழுத்து, முடிச்சுப் போட்டால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். அதுவரைக்கும் நூலின் நுனியைப் பிடித்து இழுத்தால் போதும், சரசரவென்று பிரிந்து திரும்ப நூலாகிவிடும். உடம்பை மட்டும் முடிக்காமல் விட்டேன். வாய்ப்பக்கம் திறந்து கிடக்க, கடைசிக் கண்ணியை அப்படியே நிறுத்திவைத்தேன். முடியாத பொருள் பொருளே இல்லையே. பிள்ளை அழுதவுடன் ஒரு முடிச்சு, அவ்வளவுதான். உங்களிடம் வக்கீல் மாதிரி வாதாடிப் பார்த்தேன்.

உங்கள் மகன் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. பிரித்துப்போடு என்றார். நான் கண்ணியைக் காட்டி என் வாதத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஒரு ஊக்கைத் தேடி எடுத்துவந்து, கண்ணி நழுவிவிடாமல் அவரே மாட்டினார். அவருக்கும் ஆசை இருக்காதா அத்தை?

அடுத்து நான் செய்ததுதான் முட்டாள்தனம். உங்கள் மகள் செல்வி மதினி என்னைப் பார்க்க வடமதுரையிலிருந்து வந்தபோது, இது என்ன என்று கேட்டார். உங்களைப் போலவே அவரும் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்து, ஷோகேஸுக்கு என்று பொய் சொல்லிவிட்டேன்.

இன்று மத்தியானம் மதினி அகரம் வீட்டுக்குப் போய் எனக்கு மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு வந்தார். பையைத் திறந்து முதலில் எடுத்து நீட்டியது அந்தப் பூச்சியைத்தான். "நீ ஆசையா செஞ்சது, பக்கத்துல இருக்கட்டும்னு எடுத்தாந்தேன். ஊக்கும் நூலுமா தொங்கிக்கிட்டுக் கெடந்துச்சு. பஞ்சை அடைச்சு, வாயத் தைச்சு, முடிச்சுப் போட்டுட்டேன்" என்றார். ஒரு நூல் தொங்கினால் பொறுக்காது அவருக்கு. அது உங்களிடமிருந்து வந்ததுதானே.

நல்லாருக்கு மதினி என்றேன். அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்து பிரஷர் பார்த்தார். ஏம்மா இப்படி ஏறுது, எதையும் யோசிக்காம படுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். எதையும் யோசிக்காமல் இருக்க ஒரு மாத்திரை இருந்தால் கொடுங்களேன் என்று கேட்க நினைத்தேன்.

ஒன்று சொல்கிறேன், மறைக்கவில்லை. அந்த நிமிஷம் என் நாக்கு நுனி வரைக்கும் ஒரு வார்த்தை வந்து நின்றது. உங்களாலதான் மதினி, உங்களாலதான். பல்லைக் கடித்து உள்ளே அனுப்பினேன். தாங்க முடியாத பயம் வந்தால் அதை யார் தலையிலாவது இறக்கி வைக்கத்தான் தோன்றுகிறது. அன்றைக்கு உங்களுக்கும் அப்படித்தான் இருந்ததா? அவள் எனக்கு மட்டுமா பிள்ளை, உங்களுக்கும் பேத்தி அல்லவா? இதை ஏன் நான் இவ்வளவு வருஷம் யோசிக்கவே இல்லை?

கொஞ்ச நேரத்தில் உங்கள் மகன் மருந்துச் சீட்டோடு வந்தார். கட்டிலில் கிடந்ததைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "இதை ஏன் முடிச்ச? பிள்ளை பெறந்ததுக்கப்புறம்ல முடிக்கணும்னு வச்சிருந்த?" என்று கேட்டார்.

மதினிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. வாயில் கையை வைத்துக்கொண்டார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் அத்தை. நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், இவர் சாகிற வரைக்கும் இந்த முகத்தோடுதான் இருப்பார் என்று தெரிந்தது. ஏழு வருஷமாக நான் கண்ணாடியில் பார்க்கிற முகம் அது.

"நான்தேன் மதினியை முடிக்கச் சொன்னேன்" என்றேன். "ஊக்கு கெடந்தா பிள்ளைக்குக் குத்தும்ல."

உங்கள் மகன் என்னையே பார்த்தார். பிறகு ரத்தத்துக்கு ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கிளம்பிப் போய்விட்டார்.

அவர் போனதும் மதினி என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். இது பிள்ளைக்கு என்று சத்தியமாகத் தெரியாது என்றார். பூச்சியை எடுத்து முடிச்சை நகத்தால் நெருடினார், அசையவில்லை. உங்கள் மகள் போட்ட முடிச்சு, லேசில் அவிழுமா? "பல்லால கடிச்சாவது பிரிச்சிர்றேன் ஈஸ்வரி, ஒண்ணும் ஆகாது" என்றார்.

சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. பிரித்துவிட்டால் எவ்வளவு நிம்மதி! மறுபடி நூலாகிவிடும், உங்கள் சட்டத்துக்கும் பங்கம் இல்லை. ஆனால் பிரித்துப்போட்டு, நாளைக்குப் பிள்ளை நல்லபடியாக வந்துவிட்டால் என்ன அர்த்தம் அத்தை? அன்றைக்கு அந்தச் சட்டைதான் என் மகளைக் கொண்டுபோனது என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? நான் அவளைக் கொல்லவில்லை. ஒரு சட்டை வாங்கினேன், அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

"வேணாம் மதினி, இருக்கட்டும்" என்றேன்.

மதினி இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பிள்ளை அசையுதா என்று கேட்கிறார். அசையுது என்கிறேன். சில சமயம் அசையாதபோதும் அப்படித்தான் சொல்கிறேன், சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். இப்போதுதான் ஒன்று உதைத்தது. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது அத்தை. நீங்கள் இருந்திருந்தால் வேப்பிலையும் திருநீறுமாக இந்த வார்டையே ஒரு வழி பண்ணியிருப்பீர்கள். அந்தச் சத்தம் இப்போது எனக்கு வேண்டும் போல இருக்கிறது.

உங்களுக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். நாளைக்கு எது நடந்தாலும், நல்லது நடந்தாலும் நடக்காவிட்டாலும், உங்கள் மகளைப் பார்த்து அந்த வார்த்தையை நான் சொல்ல மாட்டேன். உங்கள் மகனையும் சொல்ல விட மாட்டேன். துக்கம் கேட்க வருகிறவர்கள் யாராவது ஆரம்பித்தால், நான் முடிக்கச் சொன்னேன், அவர் முடித்தார் என்று எழுந்து நின்று சொல்வேன். எனக்காக அன்றைக்கு யாரும் எழுந்து நிற்கவில்லை.

உங்கள் மருமகள்,
உங்கள் பேத்திக்கும், நாளை வரப்போகிற பிள்ளைக்கும் அம்மா,
பாண்டீஸ்வரி