லில்லி கேட்ட கேள்வி

இயேசு மரி சூசை துணை

வில்லியனூர்,
புதன்கிழமை.

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கலேஷ்வரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கம்பெனி லேபில் கண்ணையும் மூச்சையும் பத்திரமாக வைத்துக்கொண்டு சுகமாக இருக்க மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே அம்மாவுக்குப் புது பிரஷர் மாத்திரை ஒத்துக்கொண்டது. எனக்கும் உடம்புக்குக் குறைவில்லை, உடம்புக்கு மட்டும்தான். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். ஒரு மாதமாக நீ கூப்பிடும்போதெல்லாம் மோட்டார் போட நேரமாச்சி என்று சொல்லிவிட்டுப் போனை அம்மா கையில் தள்ளினேனே, அது பொய். உன் குரலைக் கேட்டுக்கொண்டே சொல்லக்கூடிய விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கூப்பிடு, பாதியில் கூப்பிடாதே.

முதலில் ஊர் சேதி. உன் சித்தப்பா மகன் லியோ பிரகாஷுக்குத் திருபுவனையில் பாக்கிங் வேலை கிடைத்திருக்கிறது, பைக்கில் போய்வருகிறான், ஹெல்மெட்டைத் தலையில் போடாமல் கையில் மாட்டிக்கொண்டு போகிறான், நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான். இரண்டு நாள் மழையில் நம் கொல்லைச் சுவர் கொஞ்சம் சரிந்தது, விழுந்த கல்லை எடுத்து அடுக்கிவிட்டோம். லில்லிக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். நம் கோயிலைக் கூட்டிப் பெருக்குகிற லில்லிதான். உண்மையில் யாரால் அப்படி ஆனது என்று அம்மா சொல்லியிருக்க மாட்டாள், அப்போது அவளுக்கே தெரியாது. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் கோயில் கக்கூஸையெல்லாம் கழுவுகிற பொறுப்பை நான் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு இருபது வருஷமாகப் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுகிறவன், எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. தரை முழுக்கப் பவுடரைத் தூவி ஊறவைத்தேன். மஞ்சள் கறை போகவில்லை. ஆசிட் பாட்டிலை எடுத்து லில்லியிடம் கொடுத்து அதன் மேலேயே ஊற்றச் சொன்னேன். அவள் ஊற்றவில்லை. ஏண்ணே, ரெண்டையும் ஒண்ணா ஊத்தலாமா, பவுடரே மூக்க எரிக்குதே, கழுவி வுட்டுட்டு ஊத்தட்டா என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? எம் பொண்ணு கெமிஸ்ட்ரியில எம்.எஸ்ஸி., எனக்கே நீ பாடம் எடுக்கிறியா, ஊத்துடி என்றேன். ஊற்றினாள். ஜன்னல் இல்லாத அறை. நான் வெளியே நின்றேன், அவள் உள்ளே நின்றாள். கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தவளுக்கு மூச்சு வரவில்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் நாலு படி ஏறினால் இருமுகிறாள்.

இது தப்பு. ஆனால் நான் வெட்கப்படுவது இதற்காக மட்டும் இல்லை ஜெசி. பங்குப் பேரவை கூடி என்ன நடந்தது என்று ஃபாதர் கேட்டபோது, நான் வேணாம்னுதான் சொன்னேன் ஃபாதர், லில்லி அதுவா ஊத்திடுச்சி என்று சொல்லிவிட்டேன். யோசிக்கக்கூட இல்லை, வாய் தானாகச் சொன்னது. செயலாளர் சேவியர் உடனே, இருவது வருசமா தொட்டிக்கு மருந்து போடறவரு, பொண்ணு வேற அந்தப் படிப்புதான் படிச்சிருக்குது, இவருக்கா தெரியாது என்றார். நான் தலையாட்டினேன். லில்லி ஆஸ்பத்திரியிலிருந்து, ஊத்தலாமான்னு நான் கேட்டேன், அவருதான் ஊத்தச் சொன்னாரு என்று சொல்லி அனுப்பியதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோயில் வேலையையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். உன் படிப்பைப் பொய்சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான்.

அதன் பிறகுதான் பரணிலிருந்து உன் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எடுத்தேன். தொட்டி நிரம்ப ஒன்றரை மணி நேரம் ஆகும், அதுவரை மோட்டார் ரூமில் உட்கார்ந்து வேதியியலை முதல் பாடத்திலிருந்து படிக்கிறேன். சோடியத்துக்கு ஏன் எஸ் போடாமல் என்ஏ போடுகிறார்கள் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அமிலம் புளிக்கும், நீல லிட்மஸைச் சிவப்பாக்கும். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் தண்ணீரும் வரும். மஞ்சளில் சுண்ணாம்பைத் தொட்டு வைத்து அது சிவப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், இத்தனை வயசுக்கு அதற்குக் காரணம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. சமன்பாட்டைச் சரிசெய்வதுதான் கஷ்டம். இந்தப் பக்கம் எத்தனை அணு இருக்கிறதோ அத்தனையும் அந்தப் பக்கம் வந்தாக வேண்டுமாம், ஒன்றுகூடக் காணாமல் போகாதாம். பவுடருக்குள் இருந்த குளோரின் அப்படித்தான் வெளியே வந்து லில்லியின் நெஞ்சுக்குள் போயிருக்கிறது.

சலவைத் தூள், அதுதான் நம் பிளீச்சிங் பவுடர், அந்தப் பக்கம் வந்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். உங்கள் டீச்சர் ஒவ்வொரு விடைக்கும் வீட்டில் ஒப்பிக்கக் கேட்டு ஓரத்தில் கையெழுத்து வாங்கிவரச் சொல்வார்களே, சலவைத் தூளோடு நீர்த்த அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும் என்கிற வரிக்குப் பக்கத்தில் என் கையெழுத்து இருக்கிறது. நீ நீர்த்த என்கிற சொல்லை விட்டுவிட்டாய் என்று அன்றைக்கு உன் கை முட்டியில் ஸ்கேலால் தட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? ஒரு எழுத்து விடாமல் கேட்டேன், ஒரு சொல்லும் எனக்குள் போகவில்லை. உன்னை அடித்ததற்கும் இப்போது கூசுகிறது.

சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் அம்மா புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு என்னை ஒப்பிக்கச் சொல்வாள். வயசான காலத்தில் பரீட்சை எழுதப்போறாரு என்று கிண்டல் வேறு. போன வாரம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். ஜெபமாலையைப் பெட்டியில் வைக்கிற சாக்கில் எழுந்தேன். அவள் விடையைத் தானே படித்துப் பார்த்துவிட்டு, அப்ப லில்லி சொன்னதுதான் நெசமா என்றாள். ஆமாம் என்றேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடுகிறேன் என்றதற்கு, பொய்யப் பத்து பேருக்கு எதிர்ல சொல்லிட்டு நெசத்த மட்டும் ஃபாதர் காதுல சொல்லப் போறீங்களா என்று கேட்டாள். மறுநாள் லில்லி வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. எங்கிட்ட வந்து சொல்றீங்களே அண்ணே, எனக்குத் தெரியாததா, அங்க போயி சொல்லுங்க என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து, ஃபாதரிடம் கேட்டுக்கொண்டு, எல்லார் எதிரிலும் சொன்னேன். ஊற்றலாமா என்று லில்லி கேட்டாள், நான்தான் அதட்டி ஊற்றச் சொன்னேன், பேரவையில் சொன்னது பொய் என்றேன். வெளியே வந்ததும் சேவியர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒனக்குப் பெரிய மனசுப்பா கில்பர்ட்டு, அந்தப் பொம்பளைக்குத் திரும்ப வேலை கெடைக்கணும்னு பழிய உன் தலையில போட்டுக்கினியே என்றார். பக்கத்தில் நின்ற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். லில்லி பைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். இல்லை, நெசமாகவே நான்தான் என்று நானும் சொல்லித்தான் பார்த்தேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்தப் புகழ்ச்சி எனக்கு இனித்தது. இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

நான் பொய் சொன்னபோது நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் தர்மம் செய்கிறேன் என்கிறார்கள். லில்லிக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது, ஆனால் ஒன்றும் தெரியாதவள் என்ற பேரோடுதான் கிடைத்திருக்கிறது. நான் இனி என்ன பேசினாலும் எனக்குத்தான் நல்ல பேர் வரும். அதனால் நீ எழுத வேண்டும். எந்தப் பவுடரோடு எது சேர்ந்தால் என்ன வாயு வரும், அது நெஞ்சை என்ன செய்யும் என்று யாருக்கும் புரிகிற தமிழில் பேரவைக்கு எழுது. லில்லி கேட்டது சரி, தூளைக் கழுவிவிட்டுத்தான் ஊற்றியிருக்க வேண்டும் என்று எழுது. உன் கையெழுத்துக்குக் கீழே படிப்பையும் வேலையையும் எழுது. அப்பா என்று எழுதி மெழுகாதே, கில்பர்ட் சொன்னது தவறு என்று எழுது. அந்தக் கடிதத்தை நம் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், லில்லி பேருக்கு அனுப்பு. அவள் கையால் கொண்டுபோய்க் கொடுக்கட்டும், நான் கூட்டத்தில் கடைசியில் உட்கார்ந்து கேட்கிறேன்.

மாதா உன் போக்கிலும் வரத்திலும் துணை இருக்கட்டும், உனக்கு ஒரு குறையும் வராமல் ஆண்டவர் பார்த்துக்கொள்வார். மாஸ்க் போடாமல் லேபுக்குள் போகாதே. அங்கே கூட்டித் துடைக்க வருகிறவர்கள் உன்னிடம் ஏதாவது கேட்டால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லம்மா.

உன்னிடம் தலைகுனிந்து நிற்கும்,
அப்பா கில்பர்ட்