நீறாத சுண்ணாம்பு

மன்னித்துக்கொள். நீ இருந்தபோது நாலு வார்த்தை சேர்த்துப் பேசாதவள், இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். எதிர்வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினார்கள். அது பொங்கிய வாடை என் அறைக்குள் வந்துவிட்டது. வேலைக்குப் போகவில்லை.

கல்லூரிக் கடைசி வருடம் நம் இருவருக்கும் ஒரே புராஜெக்ட். எத்தனாலிலிருந்து தண்ணீரை முழுதாகப் பிரிக்க வேண்டும். சார் எது கேட்டாலும், "அவ பயந்தவ சார், நான் சொல்றேன்" என்று நீ முன்னால் வந்து நிற்பாய்.

மூன்று முறை காய்ச்சி வடித்தும் தொண்ணூற்றைந்து சதவீதத்தைத் தாண்டவில்லை. அந்த அளவை எட்டினால் இரண்டும் சேர்ந்தே கொதித்துச் சேர்ந்தே ஆவியாகும். கொதிநிலை மாறாக் கலவை. "புருஷன் பொண்டாட்டியா ஒட்டிக்கிச்சுடி. நாத்தனார் ஒருத்திய உள்ள விட்டாத்தான் பிரியும்" என்றாய். அந்த நாத்தனார், தண்ணீரை மட்டும் இழுத்துக்கொள்ளும் சுட்ட சுண்ணாம்பு. லேபில் தீர்ந்திருந்தது. "எங்கூர்ல கிளிஞ்சலச் சுட்டுச் சுண்ணாம்பாக்குற சூளையே இருக்கு" என்று வேதாரண்யத்திலிருந்து துணிப்பையில் கொண்டுவந்தாய்.

வழியெல்லாம் மழை. கட்டியாக எடுத்தது பஸ்ஸிலேயே ஈரம் குடித்து நீறி மாவாகியிருந்தது. அதற்குமேல் அது தண்ணீரை இழுக்காது என்று நமக்கு உறைக்கவில்லை. போட்டுக் காய்ச்சினோம். மறுபடியும் தொண்ணூற்றைந்து.

அன்றைக்குத்தான் நான் வாய் திறந்தேன். "உங்கூரு சுண்ணாம்பால எல்லாம் போச்சு. இந்த டிகிரி போனா நான் நன்னிலத்துல நாத்து நடத்தான் போகணும். உனக்கென்னடி?"

உனக்கும் வீட்டில் மீன்கூடைதான் காத்திருந்தது. தெரிந்தேதான் சொன்னேன். நீ சிரித்தாய். "அழுவாதடி நன்னிலத்தா. டின்ல போட்டு மெழுகு ஊத்தி எடுத்தாறேன்."

விடாத மழையில் எடுத்துக்கொண்டு திரும்பும்போது பஸ் கவிழ்ந்தது.

அடுத்த வாரம் லேபுக்கே சுண்ணாம்பு வந்தது. தொண்ணூற்றொன்பதைத் தாண்டியது. டிகிரி வாங்கினேன்.

உன் பையிலிருந்து எடுத்து உன் அம்மா தந்த டின்னை இன்னும் திறக்கவில்லை. ஆட்டினால் கட்டிகள் கடகடக்கின்றன. இந்த முறை சரியாகத்தான் அடைத்திருக்கிறாய்.

ஒவ்வொரு வருடமும் உன் அம்மா போனில் கேட்கிறார்கள்: "ரெண்டு நாள் பொறுத்துக் கெளம்பியிருக்கலாமே பாப்பா. அந்த மழையில அவள யாரு வெரட்டுனா?"

"தெரியலைங்கம்மா."

பொங்கல் கழிந்ததும் டின்னோடு வேதாரண்யம் போகிறேன். விரட்டியது நான்தான் என்று சொல்லப் போகிறேன். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அம்மா என்னைத் திட்டும்போது, அவ பயந்தவ என்று முன்னால் வந்து நிற்காதே.